ஒரு மறுப்புக்கு ஒரு படி

கொற்றனூரில் அருங்காட்சியகத்தைத் தரைக்கு மேலே கட்டாமல் தரைக்குக் கீழே கட்டினார்கள், ஏனென்றால் காட்டுவதற்கு இருந்ததெல்லாம் கீழேதான் இருந்தது. பழைய செங்கல் சுவர்களும், தானியம் சிந்திய மண்தரைகளும், உடைந்த பானைகளும், அவற்றுக்கெல்லாம் நடுவில் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறும் எங்கே கிடந்தனவோ அங்கேயே கிடக்க, மேலே கான்கிரீட் கூரை போட்டு, கூரைக்கு மேலே புல்தரை வளர்த்து, புல்தரைக்கு நடுவிலிருந்து கிரானைட் படிக்கட்டு ஒன்றைக் கீழ்நோக்கி இறக்கிவிட்டார்கள். திறப்பு விழா அன்று நாதஸ்வரம் வாசிக்க, ஊரே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தது. இறங்காத ஒரே ஆள் உலகம்மாள். அந்த உறைகிணறு கிடைத்த இடம், அகழாய்வுக்காக எடுத்துக்கொண்ட அவள் வீட்டுப் புறவாசல்.

அவள் கால்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் ஊரில் அவளைப் பற்றிப் பேசியதைவிட அவள் கால்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டும் சூம்பிப் போனவை. அதனால் என்ன, கைகள் இரண்டும் உரலைப் புரட்டும். இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் அவள் போகாத இடமில்லை, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த டெலிபோன் பூத்தை டெலிபோன் காலம் முடிந்ததும் ஜெராக்ஸ் கடையாக மாற்றி, வந்தவர்களுக்கு ஆதார் அட்டையின் நகலோடு நாலு வசவையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறவள். அருங்காட்சியகம் வந்தபோது கடை அதன் வாசலுக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்தால் யார் உள்ளே போகிறார்கள், யார் வாசலோடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் தெரியும்.

அந்த உறைகிணற்றை முதலில் கையால் தொட்டவளும் அவள்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு கோடையில் புறவாசல் கிணறு வற்றிப்போய், அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய அவள் அப்பா ஆவுடையப்பன் இறங்கித் தூர்வாரும்போது, கீழே ஏதோ பெரிய பானை வாய் மாதிரி தட்டுப்படுகிறது என்று சொல்லிக்கொண்டே ஏறி வந்தார். நானும் பார்க்க வேண்டும் என்று உலகம்மாள் அழுதாள். உனக்கு எதற்கு என்று அப்பா கேட்கவில்லை, உன்னால் முடியாது என்று சொல்லவில்லை, மேலிடத்துக்கு எழுதிப் போடவும் இல்லை. வீட்டு ஊஞ்சல் பலகையைக் கழற்றி, கிணற்றுக் கப்பிக் கயிற்றில் கட்டி, அதில் அவளை உட்காரவைத்து, இடுப்பைத் துண்டால் சேர்த்துக் கட்டி, "பயந்தா கத்துட்டி, இழுத்துருதேன்" என்று சொல்லி மெல்ல மெல்ல இறக்கினார். ஈர மண்ணில் பாதி புதைந்திருந்த வளையத்தில், அதை வனைந்தவன் விரல் அழுத்திய தடங்கள் வரிசையாக இருந்தன. அவள் தன் விரல்களை அந்தத் தடங்களில் வைத்துப் பார்த்தாள். எந்தக் காலத்து விரலோ, அவள் விரலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. மறுபடி ஒருமுறை அந்த வளையத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

திறப்பு விழா முடிந்த வாரம், சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு தெருவைத் தாண்டிப் படிக்கட்டின் தலைப்பில் போய் நின்றாள். காப்பாட்சியர் திரவியம் ஓடி வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, யாரையும் கடிந்து பேசாத வாய், கெட்டவர் என்று சொல்லவே முடியாத மனிதர். இந்த நாட்டில் பாதிக் கதவுகளை மூடி வைத்திருப்பது இப்படிப்பட்ட நல்லவர்கள்தான்.

"படி மட்டுந்தான்க்கா இருக்கு. லிஃப்ட் மூணாம் கட்டத்துல வரும்."

"ரெண்டாம் கட்டத்துல என்ன வருது?"

"இசை நீரூற்று."

உலகம்மாள் படிகளை எட்டிப் பார்த்தாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "நீங்க கவலையேபடாதீங்க. நாலு பேரைக் கூப்பிடுதேன். நாற்காலியோட அப்படியே தூக்கிட்டுப் போயிருவாங்க."

"நாலு பேரு தூக்குததுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்கு சார். அந்த அன்னைக்கு நானா வந்து கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன், நீங்களே தூக்கிருவீங்க. என் வீட்டுப் புறவாசலுக்கு நான் மூட்டையாவா போகணும்?"

"அப்ப முடியாதேக்கா" என்றார் திரவியம், மிகவும் வருத்தத்தோடு.

அவர் அப்படிச் சொன்னபோது படிக்கட்டில் ஒரு படி கூடியது. சத்தமில்லை, அதிர்வில்லை. மறுநாள் காலையில் பூட்டைத் திறந்து விளக்குப் போட இறங்கிய காவலாளி, தரை என்று நினைத்து வைத்த கால் தரையில் படாமல் தடுமாறி, கீழே இன்னொரு படி இருப்பதைக் கண்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் மாவு சலித்துக்கொண்டே, "கிரானைட்டா, சிமெண்டா?" என்று கேட்டாள். கிரானைட் என்றார். "அப்ப கவர்மெண்டு போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கைத்தடியோடு வந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவரை, இந்த வயசில் உங்களுக்கு எதற்கு ஐயா ரிஸ்க் என்று திருப்பி அனுப்பினார்கள், ஒரு படி கூடியது. நிறைமாதக்காரியை, பெற்றுப் பிழைத்து வா தாயி என்று அனுப்பினார்கள், ஒரு படி. வெள்ளைக் கம்போடு வந்த கல்லூரி மாணவியிடம், உனக்குப் பார்க்க என்னம்மா இருக்கு என்று கேட்டுச் சிரிக்கக்கூடச் செய்தார்கள், அன்றைக்கு வளர்ந்த படி மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. வாசலில் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்ப, கீழே அருங்காட்சியகம் சுவர்களோடும் பானைகளோடும் கிணற்றோடும் ஆழத்துக்குள் இறங்கிக்கொண்டே போனது. அந்தப் படிகள் எல்லாம் தான் போட்டவைதான் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் பில் கொடுத்துப் பணமும் வாங்கிவிட்டார்.

ஊர் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை? இளைப்பாறும் முதல் திருப்பத்தில் ஒருவர் பதநீர்ப் பானையை இறக்கினார், அடுத்த திருப்பத்தில் முறுக்கும் அதிரசமும் வந்தன, அதற்கும் கீழே வாழையிலை போட்டு மதியச் சாப்பாடு வந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் விடியற்காலையில் வந்து படி இறங்கி ஏறி வியர்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேச வேண்டுமென்றால் எத்தனையாவது திருப்பம் வரை போகலாம் என்று பெரியவர்களை வைத்துப் பேசி முடிவு செய்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் மலைக்கோயிலில் செய்வது போலவே ஒவ்வொரு படியையும் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டிப் படி பூஜை செய்தார்கள். எந்தச் சாமிக்கு என்று யாரும் கேட்கவில்லை. கடைசிப் படிவரை போய் அருங்காட்சியகத்தைப் பார்க்கிறவர்கள் குறைந்து குறைந்து, பிறகு இல்லாமலே போனார்கள். கொற்றனூருக்குப் படி பார்க்கத்தான் வந்தார்கள்.

இதையெல்லாம் உலகம்மாள் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. இறங்கிப் பதநீர் குடிக்கிறவன் குடிக்கட்டும், அதிலே அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு படி கூடும்போதும் கிணறு அவளிடமிருந்து இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறதே, அது யாருக்காவது உறைக்கிறதா?

படி எப்போது கூடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பாத்திரக்கடை சுடலைமுத்து. படி பூஜைக் குழுவின் தலைவர் அவர். ஒரு வெள்ளிக்கிழமை, மேலே வாசலில் கால் ஊனமான ஒருவரைத் திருப்பி அனுப்பிய அதே நேரத்தில், கீழே மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பெண்களின் கண்ணெதிரே புதுப்படி ஒன்று எழுந்ததை அவர் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இன்னும் இரண்டு தடவை சரிபார்த்தார். காரணம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு ஒரு மனிதன் என்ன செய்வான்? திருப்பி அனுப்புவதை நிறுத்துவான். சுடலைமுத்து நோட்டீஸ் அடித்தார்.

மாற்றுத்திறனாளிகள் கடவுளின் குழந்தைகள், அவர்கள் மனது வைத்தால் படி வளர்கிறது, ஆகவே ஒவ்வொரு பௌர்ணமியும் அவர்களை வரவழைத்துக் கௌரவித்துப் படி வளர்க்கும் வைபவம் நடைபெறும் என்றது நோட்டீஸ். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக் கூட்டி வந்தார்கள். மேளம் கொட்டினார்கள், சந்தனம் கொடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் படிக்கட்டின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவர், "உள்ளே போகலாமா?" என்று கேட்க வேண்டும். திரவியம், "மன்னிக்கணும், வசதி இல்லை" என்று சொல்ல வேண்டும். உடனே ஒரு படி வளரும். பெண்கள் குலவையிடுவார்கள்.

முதல் வைபவத்துக்கு அழைக்க வந்த சுடலைமுத்துவை உலகம்மாள் கடைக்குள்ளேயே விடவில்லை.

"நீதானம்மா மொதப் படி. நீ இல்லாம எப்படி?"

"அது வரம் இல்ல அண்ணாச்சி, வயித்தெரிச்சல். ஒருத்தன் வயித்தெரிச்சலுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுத ஊரை நான் வேற எங்கயும் பாக்கல."

"ஊருக்கு எவ்வளவு பேரு வாராங்க தெரியுமா? உன் கடையிலயும்தான யாவாரம் ஓடுது?"

"ஓடட்டும். நான் எங்க ஓட?" என்றாள் அவள்.

வைபவம் அவளில்லாமலே நடந்தது. அன்று சாயங்காலம், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் கடைக்கு வந்து அடையாள அட்டையை நீட்டினார். பெயர் தேவகனி, பட்டாசு ஆலை விபத்தில் கால் போனவர். தோளில் ஜரிகைச் சால்வை.

"ஏன்யா, உனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டாள் உலகம்மாள். "மேளம் அடிச்சுக் கூட்டிட்டு வந்து வாசல்ல வெச்சு முடியாதுங்கான். சால்வையைப் போட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கியே."

தேவகனி சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "எல்லா இடத்துலயும் முடியாதுன்னுதான் சொல்லுதாங்க யக்கா. தாலுகா ஆபீஸ்ல சொல்லுதான், பஸ்ல சொல்லுதான், சொந்த மச்சினன் கல்யாணத்துல மாடியில பந்தின்னுட்டான். இங்க மட்டுந்தான் சால்வை போட்டுச் சொல்லுதாங்க."

உலகம்மாள் அட்டையை நகலெடுத்துக் கொடுத்தாள். நகலுக்குக் காசு வாங்காமல் அனுப்பினாள். அவரைத் திட்டியது தப்பு என்று பட்டது, திட்ட வேண்டியவர்கள் எல்லாம் எதிரே விளக்குத் தோரணத்துக்குக் கீழே பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டு விழா வந்தது, அமைச்சர் வந்தார். படிகளின் புகழைக் கேட்டு வந்தவர், கடைசிப் படியில் நின்று போட்டோ எடுத்தே தீருவேன் என்று இறங்கினார், கூட அதிகாரிகளும் இறங்கினார்கள். இறங்குவது எளிதாகத்தான் இருந்தது. மேலே அந்த நேரம் சுடலைமுத்து அமைச்சரின் வருகையைச் சிறப்பிக்க வேன் வேனாக ஆட்களைக் கொண்டுவந்து வைபவம் நடத்திக்கொண்டிருந்தார். குலவை எழும்போதெல்லாம் அமைச்சருக்கும் ஆகாயத்துக்கும் நடுவே ஒரு படி கூடியது. ஏறத் தொடங்கியவருக்கு முதல் திருப்பத்திலேயே முட்டி மடங்கவில்லை. பதநீர் கொடுத்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆள் மாற்றி ஆள் தூக்கி, ஒரு வழியாக மேலே கொண்டுவந்து சேர்த்தார்கள். வழியெல்லாம் அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாராம். இறங்கி நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "என்னய்யா இது, ஒரு லிஃப்ட் வேண்டாமா?"

அவ்வளவுதான். எத்தனை மனு எழுதிப் போட்டும் வராத மூன்றாம் கட்டம், ஒரு மனிதரின் இரண்டு முட்டிகள் ஒரே ஒரு நாள் வலித்ததும் அடுத்த மாதமே வந்து இறங்கியது. கண்ணாடிப் பெட்டி, எஃகுக் கம்பி, எவ்வளவு ஆழமானாலும் போகும் என்றார்கள். உலகம்மாளுக்குச் சந்தோஷப்படுவதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை. ஆனாலும் திறப்பு விழா அன்று தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். தேவகனியும் வந்திருந்தார்.

சுடலைமுத்து அவளுக்குச் சால்வை போர்த்தினார். இந்தத் தாயின் கண்ணீர்தான் இன்று லிஃப்டாக வந்திருக்கிறது என்று மைக்கில் சொன்னார். கைதட்டல் ஓய்வதற்குள் அமைச்சர் ஏறினார், அதிகாரிகள் ஏறினார்கள், சுடலைமுத்து ஏறினார், அவர் மனைவி ஏறினாள், யாரோ ஒரு மருமகன் கூலிங் கிளாஸோடு ஓடிவந்து ஏறினான். கண்ணாடிக்கு உள்ளே நிறையக் கால்கள், ஒன்றிலும் ஒரு குறையில்லை. சாவியோடு உள்ளே கதவோரம் நின்ற திரவியம் அவளைப் பார்த்துக் குனிந்தார்.

"இப்ப இடம் இல்லக்கா. அடுத்த தடவை."

கதவு மூடியது. பெட்டி கீழே போனது. ஒரு படி கூடியதை உலகம்மாள் தன் நாற்காலிச் சக்கரத்தில் உணர்ந்தாள்.

சால்வையை எடுத்துக் கீழே போட்டாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி மேலே வந்து கதவு திறந்தது, கீழே ஏசி நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே அவர்கள் வெளியே வந்தார்கள், வரிசையில் நின்றவர்கள் முண்டியடித்தார்கள். அந்த நேரத்தில் தேவகனி தன் மூன்று சக்கர வண்டியைச் சரட்டென்று திருப்பி வரிசைக்குக் குறுக்கே நிறுத்தினார்.

"யக்கா போயிட்டு வரட்டும். அதுவரைக்கும் என் மேல ஏறித்தான் போகணும்" என்றார்.

அவர்மேல் ஏறிப் போக யாருக்கும் துணிவு வரவில்லை. உலகம்மாள் பெட்டிக்குள் உருண்டு போனாள். சாவி திரவியத்திடம் இருந்ததால் அவரும் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே மஞ்சளும் குங்குமமும் பூசிய படிகள் மேலே மேலே போயின, பதநீர்ப் பானை போனது, முறுக்குத் தட்டு போனது, வாழையிலைகள் போயின. திருப்பி அனுப்பப்பட்ட எல்லோரையும் தாண்டி இறங்குவது போல அவளுக்கு இருந்தது. அப்பா கயிற்றில் இறக்கிய நேரத்தைவிட அதிக நேரம் ஆனது.

கதவு திறந்தபோது குளிர்ந்த மண்வாசனை வந்தது. சமதரை. விளக்கு வெளிச்சத்தில் சுவர்கள், பானைகள், நடுவில் கிணறு. அவள் சக்கரத்தைத் தள்ளினாள். கிணறு கைக்கு எட்டுவதற்குள் நாற்காலி முட்டி நின்றது. கீழே பார்த்தாள். கிணற்றைச் சுற்றி, கொஞ்சம் தள்ளி, வட்டமாக ஒரு படி. புதுசு. மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை.

"காலையில பாத்தப்ப இது இல்லையே" என்றார் திரவியம்.

"நீ கதவைச் சாத்தும்போது சொன்னியே, அதுதான்."

அவர் குனிந்து படியைப் பார்த்தார். "ஒரு படிதானக்கா. நான் அப்படியே கொஞ்சம் தூக்கி..."

"தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்."

"அப்ப மேல போயிருவோமா?"

உலகம்மாள் நாற்காலியைப் பின்னால் உருட்டி, லிஃப்ட் கதவு மூட முடியாதபடி அதன் வாயிலில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள். "தம்பி, இத்தனை படி வளந்துச்சே. மஞ்சள் பூசினீங்க, கடை போட்டீங்க, பில்லுகூடப் போட்டீங்க. ஒரு தடவையாவது, யாராவது ஒருத்தராவது, ஒரு படியையாவது பேத்துப் பாத்தீங்களா?"

திரவியம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "யாருக்கும் தோணலக்கா."

"இப்பத் தோணுதா?"

அவசர அவசரமாக லிஃப்ட் மாட்டிவிட்டுப் போனவர்கள் சுவரோரம் ஒரு கடப்பாரையை விட்டுப் போயிருந்தார்கள். திரவியம் அதை எடுத்தார். வாழ்க்கையில் கடப்பாரை பிடித்திராத கை. முதல் இரண்டு குத்து கல்லில் பட்டுத் தெறித்தன, அவள் எந்த இடத்தில் நெம்ப வேண்டும் என்று சொல்லவில்லை, சொல்லித்தர அவள் வரவில்லை. அவராகவே தடவிப் பார்த்து, பொருத்தில் நுனியைச் செருகி, உடம்பின் பாரத்தை எல்லாம் கொடுத்து நெம்பினார். கல் பெயர்ந்தது. மேலே இடி இடிக்கவில்லை, பூமி பிளக்கவில்லை, கல்லுக்கு அடியில் ரத்தமும் இல்லை, வெறும் மண்தான் இருந்தது. அடுத்த கல்லையும் பெயர்த்தார். வழி விட்டது. வெள்ளைச் சட்டையெல்லாம் புழுதியாக, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்று, "இவ்வளவுதானாக்கா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்" என்றாள் உலகம்மாள். "நீ என் இடத்துல வந்து நில்லு. கதவு மூடாமப் பாத்துக்க."

அவர் லிஃப்ட் வாயிலில் போய் நின்றார். அவள் மண்மேல் உருண்டு போய்க் கிணற்றை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, குனிந்து, சுடுமண் வளையத்தின் மேல் கையை வைத்தாள். விரல்கள் இப்போது தடித்திருந்தன, முழுசாகப் பொருந்தவில்லை. அதற்காக அவள் கையை எடுக்கவில்லை. தடம் தடமாக நகர்த்திக்கொண்டே வளையத்தைச் சுற்றி வந்தாள், அவசரமே இல்லாமல், ஒரு சுற்று வந்து, மறுபடியும் ஒரு சுற்று. மேலே யாரோ லிஃப்ட் பட்டனை அழுத்தினார்கள். பெட்டிக்குள் விளக்கு மினுங்கியது, மணி அடித்தது, கதவு வந்து திரவியத்தின் தோளில் இடித்துத் திரும்பிப் போனது. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். திரவியம் நகரவில்லை.